தீயில் நெய் வார்த்தவர்கள்

1989 செப்டம்பர் 30-ஆம் தேதி எங்கள் திருவண்ணாமலை மாவட்டத் தலைநகரானது. அதுவரை எதற்கெடுத்தாலும் வேலூருக்குப் பேருந்து ஏற வேண்டும். வட ஆற்காட்டைப் பிரித்து, திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று பெயர் சூட்டினார்கள். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. மாவட்டம் பிறந்ததை ஊரே பேசியது.

அதே செப்டம்பர் மாதத்தில், குஜராத்தில் காந்திநகருக்குப் பக்கத்தில் பாட் என்ற கிராமத்தில் இன்னொன்றும் பிறந்தது. சபர்மதி ஆற்றங்கரையில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 'ஆதித்யா' என்ற இயந்திரம் இயங்கத் தொடங்கியது. சூரியனுக்குள் நடப்பதைத் தரையில் நடத்திப் பார்க்க இந்தியர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய முதல் டோகமாக் அதுதான். எங்கள் ஊரில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கே சில மாதம் கழித்து, பேருந்து நிலையக் கடையில் வாங்கிய ஓர் அறிவியல் இதழைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. நெருப்பையே சாமியாகக் கும்பிடுகிற ஊர்க்காரனுக்கு அந்தப் பெயர் மனதில் ஒட்டிக்கொண்டது. ஆதித்யன் என்றால் சூரியன்.

அன்று முதல் இந்த விஷயத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அணுக்கரு இணைவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் காந்தத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்: கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தைத் தாங்கும் பாத்திரம் உலகில் இல்லை, எனவே காந்தப்புலத்தால் டோகமாக் என்ற வளைய வடிவப் பாத்திரம் செய்தார்கள் என்று. சரிதான். ஆனால் அந்தப் பாத்திரத்துக்குள் இருப்பதை யார், எப்படிச் சூடேற்றினார்கள் என்ற கதை அதே அளவுக்கு நீளமானது, அதே அளவுக்குப் பாடுபட்டது. கொப்பரையைச் செய்தவர்களைச் சொல்லிவிட்டு நெய் வார்த்தவர்களை விட்டுவிடுகிறோம். இந்தியாவின் பங்கு அந்த நெய் வார்க்கும் வேலையில் கணிசமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் எரிவதும் சூரியனில் எரிவதும் ஒன்று, நம் முன்னோர்கள் பிளாஸ்மாவை அறிந்திருந்தார்கள் என்றெல்லாம் மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நெய் எரிவது வேதிவினை. அணுக்களின் வெளி எலக்ட்ரான்கள் கைமாறுகின்றன, அவ்வளவுதான். அதன் வெப்பம் சுமார் ஆயிரம் டிகிரி. இணைவில் அணுக்கருவே மாறுகிறது, ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அண்ணாமலையாரின் பெருமைக்கு இந்தப் பொய் தேவையில்லை. ஆனாலும் தீபத்திடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நட்சத்திரத்தின் ஒளி ஹைட்ரஜன் ஹீலியமாவதிலிருந்து வருகிறது என்று ஆர்தர் எடிங்டன் 1920-இல் ஊகித்தார். அதே 1920-இல் கல்கத்தாவைச் சேர்ந்த மேகநாத் சாஹா, எந்த வெப்பத்தில் எவ்வளவு அணுக்கள் எலக்ட்ரானை உதறி மின்னேற்றம் பெறும் என்பதற்கான சமன்பாட்டை வெளியிட்டார். அப்படி உதறிய நிலைக்குப் பிளாஸ்மா என்ற பெயரை அமெரிக்காவின் இர்விங் லாங்முயர் 1928-இல் வைத்தார். ஆக, பெயர் வருவதற்கு முன்பே அதன் கணக்கு இந்தியாவில் போடப்பட்டுவிட்டது.

1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் அணுசக்தியின் அமைதிப் பயன்பாடு பற்றி ஐ.நா. முதல் மாநாடு நடத்தியது. தலைவராக இருந்தவர் ஹோமி பாபா. இன்னும் இருபதே ஆண்டுகளில் இணைவு ஆற்றலைக் கட்டுக்குள் கொண்டுவரும் வழி கிடைத்துவிடும் என்று அவர் தலைமையுரையில் சொன்னார். அந்த ஆய்வுகளை வல்லரசுகள் அப்போது ரகசியமாக வைத்திருந்தன. 1958-இல் அதே ஜெனீவாவில் நடந்த இரண்டாவது மாநாட்டில்தான் எல்லோரும் கட்டை அவிழ்த்தார்கள். அவிழ்த்துப் பார்த்தால், யாருக்கும் பிளாஸ்மா அடங்கவில்லை என்று தெரிந்தது. பாபாவின் இருபது ஆண்டுகள் இன்று எழுபதாகிவிட்டன. இதைச் சொல்லி அவரைக் குறை கூறுபவர்கள் உண்டு. ஆனால் வழியில் பெரிய தடை ஒன்று இருந்தது. அதை நான் வகுப்பில் ஒரு பல்பை வைத்துச் சொல்லிக்கொடுப்பேன்.

பழைய அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எரியாமல் இருக்கும்போது மல்டிமீட்டரை வைத்து இழையின் மின்தடையைப் பார்த்தால் எழுபது ஓம் பக்கம் காட்டும். 230 வோல்ட்டில் எரியும்போது எவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 880 ஓம். சூடேறச் சூடேற உலோகத்தின் மின்தடை பன்னிரண்டு மடங்கு ஏறிவிடுகிறது. இதைப் பிள்ளைகளைக் கொண்டே கரும்பலகையில் போடவைப்பேன். ஒவ்வொரு வருஷமும் ஒருத்தன் எழுந்து, "சார், எல்லாப் பொருளும் இப்படித்தானா?" என்று கேட்பான். அந்தக் கேள்விக்காகவே அந்தப் பாடத்தை நடத்துவேன். எல்லாப் பொருளும் இப்படியில்லை. பிளாஸ்மா நேர் எதிர்.

டோகமாக்கில் முதல் சூடு மின்சாரத்தால்தான் வருகிறது. மின்மாற்றிப் பாடம் நினைவிருக்கும்: முதன்மைச் சுருளில் மின்னோட்டம் மாறினால் துணைச் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படும். டோகமாக்கில் அந்தத் துணைச் சுருளே பிளாஸ்மா வளையம்தான், ஒரே சுற்று. அதில் மின்னோட்டம் பாய்ந்து, மின்தடையால் சூடாகிறது. மின் அடுப்பின் கம்பிச் சுருள் சூடாவது போல. ஆனால் பிளாஸ்மா சூடாகச் சூடாக அதன் மின்தடை விழுந்துகொண்டே போகிறது. வெப்பம் நான்கு மடங்கானால் மின்தடை எட்டில் ஒரு பங்காகிவிடும். அப்புறம் அதே மின்னோட்டத்தைச் செலுத்தினாலும் சூடு ஏறாது. அடுப்பு, தான் சூடான காரணத்தாலேயே சூடேற்றுவதை நிறுத்திக்கொள்கிறது. சில கோடி டிகிரியோடு இந்த வழி ஓய்ந்துவிடும். பூமியில் இணைவு நடக்க 15 கோடி டிகிரி வேண்டும். சூரியனின் மையத்திலேயே ஒன்றரைக் கோடிதான். ஆனால் சூரியனுக்குத் தன் எடையின் அழுத்தம் துணையிருக்கிறது, நமக்கு இல்லை.

ஏன் மின்தடை குறைகிறது? இந்த இடத்தில்தான் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒரு தமிழர் வருகிறார். 1943-இல் சுப்ரமணியன் சந்திரசேகர் நட்சத்திரங்களைப் பற்றி ஒரு கணக்குப் போட்டார். நட்சத்திரக் கூட்டத்தின் நடுவே ஒரு நட்சத்திரம் பாய்ந்து போனால், மற்றவற்றின் ஈர்ப்பு அதைப் பின்னுக்கு இழுத்து வேகத்தைக் குறைக்கும். அந்த இழுவைக்கு இயங்கு உராய்வு என்று பெயர். ஈர்ப்பு விசையும் மின்விசையும் தூரத்தின் இருமடிக்கேற்பக் குறைபவை. ஆகவே நட்சத்திரத்துக்குப் போட்ட கணக்கு எலக்ட்ரானுக்கும் பொருந்திவிட்டது. இன்று பிளாஸ்மா இயற்பியல் நூல்களில் துகள்கள் மோதிக்கொள்ளும் பகுதியைத் திறந்தால் சந்திரசேகர் சார்பு என்றே ஒரு சார்பு இருக்கிறது. அவர் நட்சத்திரங்களுக்காகப் போட்ட கணக்கு உலகத்தின் எல்லா இணைவு ஆய்வகங்களிலும் நாள்தோறும் புழங்குகிறது.

அந்தக் கணக்கு சொல்வதை எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கிரிவலத்தை வைத்துச் சொல்லலாம். பௌர்ணமியன்று பதினான்கு கிலோமீட்டர் பாதையில் மெதுவாக நடப்பவரைத் தெரிந்தவர்கள் வழியெங்கும் நிறுத்தி நலம் விசாரிப்பார்கள். ஓட்டமாக ஓடுபவரை யாரும் நிறுத்த முடியாது. கையைத் தூக்குவதற்குள் கடந்துபோயிருப்பார். பிளாஸ்மா சூடாவது என்றால் எலக்ட்ரான்கள் ஓடத் தொடங்குவது. ஓடும் எலக்ட்ரானை அயனிகள் நிறுத்திப் பிடிக்க முடிவதில்லை. நிறுத்த ஆளில்லை என்றால் தடையும் இல்லை, சூடும் இல்லை.

டோகமாக் என்பது ரஷ்யச் சொல். இகோர் தம், ஆந்திரேய் சகாரவ் ஆகியோர் 1950-களின் தொடக்கத்தில் யோசித்த வடிவம். 1968-இல் நோவசிபிர்ஸ்கில் நடந்த மாநாட்டில் லெவ் ஆர்த்சிமோவிச் தங்கள் டி-3 இயந்திரத்தில் ஒரு கோடி டிகிரியைத் தொட்டுவிட்டதாகச் சொன்னபோது மேலை நாட்டவர் நம்பவில்லை. அடுத்த ஆண்டு இங்கிலாந்திலிருந்து ஒரு குழு லேசர் கருவிகளை மாஸ்கோவுக்கே எடுத்துப்போய் அளந்தது. ரஷ்யர்கள் சொன்னது உண்மை. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் இது நடந்தது என்பதை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதில்லை. அதன் பிறகு உலகமெங்கும் டோகமாக் கட்டத் தொடங்கினார்கள். கட்டியவர்கள் எல்லோரும் அந்தப் பல்புக் கணக்கில் வந்து முட்டிக்கொண்டார்கள்.

தாண்டிப் போகக் கண்டுபிடித்த வழிகளில் முதலாவதற்கு நம் வீட்டிலேயே சொல் இருக்கிறது: விளாவுதல். அண்டாத் தண்ணீரில் கொதிக்கும் தண்ணீரைக் கொட்டி விளாவுகிறோமே, அதேதான். ஹைட்ரஜன் அயனிகளைப் பல்லாயிரம் வோல்ட் கொடுத்து வேகமாக்கி, பிளாஸ்மாவுக்குள் பாய்ச்ச வேண்டும். ஆனால் மின்னேற்றம் உள்ள எதையும் காந்தப்புலம் உள்ளே விடாது. அதனால் வேகம் கொடுத்தபின், ஒரு வாயுக்கூண்டின் வழியே செலுத்தி, மின்னேற்றத்தை நீக்கி, நடுநிலை அணுவாக்கி அனுப்புகிறார்கள். நடுநிலை அணுவைக் காந்தம் தடுக்காது. உள்ளே போய் மறுபடி அயனியாகி மாட்டிக்கொள்ளும். மாட்டியபின் தன் வேகத்தை மற்றவற்றோடு பகிர்ந்துகொள்ளும். அந்தப் பகிர்வின் கணக்கிலும் சந்திரசேகரின் சார்புதான் வருகிறது. 1978-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பி.எல்.டி. என்ற டோகமாக்கில் இந்தக் கற்றைகளைப் பாய்ச்சி ஆறு கோடி டிகிரியை எட்டினார்கள்.

இரண்டாவது வழி அலைகள். காந்தப்புலத்தில் ஒவ்வொரு துகளும் தனக்கென்று உள்ள தாளத்தில் சுற்றும். எலக்ட்ரானுக்கு ஒரு டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ். புரோட்டானுக்கு ஏறக்குறைய 15 மெகாஹெர்ட்ஸ். சாமி ஊஞ்சலை ஆட்டுபவர் அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளுவார். நேரம் தப்பித் தள்ளினால் ஊஞ்சல் நின்றுபோகும். அப்படி, அந்தத் தாளத்திலேயே மின்காந்த அலையை அனுப்பினால் துகள் அதை உறிஞ்சி வேகமெடுக்கும். அயனிக்கான அலை நம் எஃப்.எம். வானொலிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. எலக்ட்ரானுக்கான அலை நுண்ணலை; அதை வேண்டிய வலுவோடு உண்டாக்க ஜைரோட்ரான் என்ற குழாய் வேண்டும். அதை 1960-களில் ரஷ்யாவின் கோர்க்கி நகரத்து விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள்.

இவ்வளவும் வந்தபின் ஒரு சோதனை வந்தது. 1980 வாக்கில் எல்லா ஆய்வகங்களிலும், சூடேற்றும் ஆற்றலைக் கூட்டக் கூட்டப் பிளாஸ்மா அதைத் தக்கவைக்கும் திறன் குறைந்தது. நெய்யை அதிகம் ஊற்றினால் தீ அதிகம் அலைபாய்கிறது. இப்படியே போனால் இணைவு உலை என்ற எண்ணத்தையே கைவிட வேண்டியதுதான் என்று பலர் கருதினார்கள். 1982-இல் ஜெர்மனியின் கார்ஹிங்கில் ஆஸ்டெக்ஸ் என்ற இயந்திரத்தில் பிரீட்ரிக் வாக்னர் கற்றையின் ஆற்றலை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏற்றியபோது, பிளாஸ்மா தானாகவே அமைதியடைந்தது. அதன் விளிம்பில் ஒரு மெல்லிய தடுப்பு உருவாகி, வெப்பத்தை உள்ளே பிடித்துவைக்கும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. யாரும் எதிர்பார்க்காத வரம் அது. இன்று பெரிய டோகமாக்குகள் எல்லாம் அந்த நிலையை நம்பித்தான் வடிவமைக்கப்படுகின்றன.

அதே 1982-இல்தான் இந்தியாவில் விதை விழுந்தது. அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் பிளாஸ்மா திட்டம் ஒன்று தொடங்கியது. அதற்குத் தலைமையேற்க அமெரிக்காவின் பிரின்ஸ்டனிலிருந்து திரும்பி வந்தவர் ஸ்ரீநகரில் பிறந்த பிரத்திமான் கிருஷ்ண காவ். பதினெட்டு வயதில் டெல்லி ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர். 1986-இல் அந்தத் திட்டம் தனி நிறுவனமானது. காவ் அதன் முதல் இயக்குநர். கல்கத்தாவில் சாஹாவின் பெயரிலுள்ள நிறுவனம் ஜப்பானின் தோஷிபாவிடமிருந்து ஒரு சிறு டோகமாக்கை வாங்கி நிறுவியது. அதுவும் நல்ல பணிதான். ஆனால் காவ் வாங்கவில்லை, கட்டினார். கட்டினால்தான் ஆட்கள் உருவாவார்கள் என்பது அந்த முடிவின் பொருள் என்று நான் புரிந்துகொள்கிறேன். பிற்பாடு நடந்தவை அது சரி என்று காட்டிவிட்டன.

ஆதித்யாவின் அளவைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். பிளாஸ்மா வளையத்தின் வெளிவிட்டம் இரண்டு மீட்டர். வளையத்தின் தடிமன் அரை மீட்டர். டிராக்டரின் பின்சக்கர டியூபை விடச் சற்றுப் பெரியது. சுற்றிலும் இருபது காந்தச் சுருள்கள். அதற்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் ஆம்பியர் மின்னோட்டம், முப்பது லட்சம் டிகிரியைத் தாண்டும் வெப்பம், எல்லாம் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு. இலக்கணக்காரர் மாத்திரைக்குச் சொன்ன கண்ணிமைப் பொழுதுதான்.

என்னிடம் படித்த ஒரு பையன் அங்கே வேலைக்குச் சேர்ந்தான். செங்கம் பக்கத்துக் கிராமம், வீட்டில் முதல் பட்டதாரி. சேர்ந்த புதிதில் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"சார், அந்த அறுபது வாட்ஸ் பல்பு ஞாபகம் இருக்குதா?"

"ஏம்பா, அத மறப்பேனா?"

"இங்க அதுக்கு நேர் எதிர் சார். அத ஜெயிக்கிறதுதான் எங்க குரூப்போட வேலையே."

அவன் இருந்தது அலைகளால் சூடேற்றும் பிரிவு. 2014-இல் நானும் என் மனைவியும் துவாரகைக்கும் சோமநாதபுரத்துக்கும் போனபோது, அனுமதி வாங்கி அந்த இடத்தைக் காட்டினான். அங்கே ஒவ்வொரு ஓட்டத்தையும் 'ஷாட்' என்கிறார்கள். ஷாட் அடிக்கும் நேரத்தில் இயந்திரக் கூடத்தில் யாரும் இருக்கக் கூடாது. கட்டுப்பாட்டு அறையில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எண்ணிக்கை குறைந்து வந்தது. இளஞ்சிவப்பாக ஒரு பளிச். அவ்வளவுதான். என் மனைவி, "முடிஞ்சிடுச்சா தம்பி?" என்று கேட்டாள். முடிந்துவிட்டது. பத்துப் பதினைந்து பேர் உடனே தத்தம் கணினியில் கோடுகளைப் பார்க்கக் குனிந்துகொண்டார்கள்.

மெதுவாக ஓட்டிய படத்தை அவன் மறுபடி காட்டினான். சிவப்பு ஓரங்களில்தான் இருந்தது. நடுவில் ஒன்றுமே தெரியவில்லை, கண்ணாடிபோல. "ரொம்ப சூடான எடம் கண்ணுக்குத் தெரியாது சார்" என்றான். ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் அந்தச் சிவப்பு ஒளி வரும். மையத்தில் எல்லா எலக்ட்ரானும் பிரிந்துவிட்டதால் ஒளிவிட அணுவே இல்லை. முப்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இதைப் புத்தகத்தில் படித்தும் இருக்கிறேன். கண்ணால் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது.

அவன் இன்னொன்றும் சொன்னான். சூடேற்றுவதில் பாதி வேலை சுத்தம் செய்வது. உலோகச் சுவரில் ஒட்டிய ஆக்சிஜனும் கார்பனும் பிளாஸ்மாவில் கலந்துவிட்டால், ஏற்றிய சூட்டையெல்லாம் ஒளியாக வெளியே கொட்டிவிடும். அதனால் ஷாட் அடிப்பதற்கு முன் பல மணி நேரம் மென்மையான மின்னொளிர்வை உண்டாக்கிச் சுவரைத் துடைக்கிறார்கள். லித்தியம் பூசியும் பார்க்கிறார்கள். தீபத்துக்கு முன் கொப்பரையைத் துலக்கிச் செப்பனிட்டு மலையேற்றுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆதித்யாவில் அயனிகளுக்கான ரேடியோ அலையும், எலக்ட்ரான்களுக்கு 28 கிகாஹெர்ட்ஸ், பிறகு 42 கிகாஹெர்ட்ஸ் ஜைரோட்ரான்களும் வந்தன. 28-ஐ வைத்தே அதன் காந்தப்புலம் எவ்வளவு என்று வாசகர்களே சொல்லிவிடலாம்: ஒரு டெஸ்லா. அந்த 42 கிகாஹெர்ட்ஸ் குழாயின் ஆற்றல் 500 கிலோவாட். வீட்டு மைக்ரோவேவ் அடுப்புகள் அறுநூறை ஒரே இடத்தில் குவித்ததுபோல. இத்தகைய குழாய்களை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டே இருக்க முடியாது என்று ராஜஸ்தானின் பிலானியில் உள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து உள்நாட்டிலேயே ஜைரோட்ரான் செய்யும் முயற்சியில் இறங்கினார்கள்.

அடுத்தது அதே நிறுவனத்தின் எஸ்.எஸ்.டி.-1 டோகமாக். 1994-இல் ஒப்புதல் கிடைத்தது. ஆதித்யாவின் செம்புச் சுருள்கள் சூடேறிவிடுவதால் நீண்ட நேரம் ஓட்ட முடியாது. எனவே நியோபியம்-டைட்டானியம் மீக்கடத்திச் சுருள்கள், அவற்றைத் திரவ ஹீலியத்தால் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரிக்குக் குளிர்விப்பது, ஆயிரம் நொடி பிளாஸ்மாவை நிறுத்துவது என்று பெரிய கனவு. பூட்டிக் குளிர்வித்துச் சோதித்தபோது ஹீலியக் கசிவுகளும் சுருள் இணைப்புகளில் குறைகளும் வெளிப்பட்டன. முழுவதையும் கழற்றினார்கள். ஒவ்வொரு சுருளையும் தனித்தனியாகச் சோதித்து மறுபடி பூட்டினார்கள். 2013 ஜூன் 20-ஆம் தேதி முதல் பிளாஸ்மா வந்தது. ஒப்புதலிலிருந்து பத்தொன்பது ஆண்டுகள். பத்திரிகைகளில் இதைத் தாமதம் என்றுதான் எழுதினார்கள். பூட்டியதைக் கழற்றித் திரும்பப் பூட்டுகிற பொறுமையை நான் வேறு பெயரிட்டு அழைப்பேன். அந்த முதல் பிளாஸ்மாவைப் பற்றவைத்ததிலும் அதே 42 கிகாஹெர்ட்ஸ் ஜைரோட்ரானின் கை இருந்தது. மீக்கடத்தி இயந்திரத்தில் பெரிய மின்னழுத்தம் கொடுத்து வாயுவை உடைக்க முடியாது; நுண்ணலை முதலில் வாயுவைப் பற்றவைத்துக் கொடுக்க வேண்டும். பரணி தீபத்தை ஏற்றிய பிறகுதான் மகாதீபம்.

ஆனால் ஆயிரம் நொடி என்ற இலக்கை எஸ்.எஸ்.டி.-1 எட்டவில்லை, ஒரு நொடிக்குள்தான் நிற்கிறது. 2025 ஜனவரியில் சீனாவின் ஈஸ்ட் டோகமாக் 1,066 நொடி நிறுத்தியது. அடுத்த மாதமே பிரான்ஸின் வெஸ்ட் 1,337 நொடி. இந்த இடைவெளியை மறைத்து எழுதினால் நான் ஆசிரியன் இல்லை. நம்மவர்களுக்குக் கணக்கு தெரியாமல் வந்த இடைவெளி அல்ல இது. இப்படிப்பட்ட வேலைக்கு ஆட்களும் பணமும் ஆண்டு தவறாமல் வர வேண்டும்.

2005-இல், பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஐடெர் என்ற டோகமாக் திட்டத்தில் இந்தியா சேர முடிவாகி, 2006 நவம்பர் 21 அன்று பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தெற்கு பிரான்ஸின் கதராஷில் கட்டப்படும் அந்த இயந்திரத்தின் வெளிக்கூடு, ஏறக்குறைய முப்பது மீட்டர் உயரமும் 3,850 டன் எடையும் கொண்டது, குஜராத்தின் ஹசீராவில் லார்சன் அண்ட் டூப்ரோ தொழிற்சாலையில் செய்து கப்பலேற்றப்பட்டது. செய்தித்தாள்கள் அந்தப் படத்தைப் போட்டன, நல்லதுதான். ஒப்பந்தப்படி இந்தியா பொறுப்பேற்ற இன்னொன்றை அவ்வளவாக யாரும் எழுதவில்லை: அயனிகளைச் சூடேற்றும் ரேடியோ அலை மூலங்கள் ஒன்பது, தலா 2.5 மெகாவாட். வானொலி நிலையத்தின் எஃப்.எம். பரப்பி பத்துக் கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் 250 நிலையங்களுக்குச் சமம். கூடவே ஜைரோட்ரான்கள் இரண்டு, பிளாஸ்மாவை ஆராய்வதற்கான ஒரு நடுநிலைக் கற்றை. கொப்பரையும் நம்முடையது, நெய்யில் ஒரு பங்கும் நம்முடையது.

தமிழ்நாட்டின் பங்கும் இருக்கிறது. இணைவில் பிறக்கும் நியூட்ரான்கள் சுவரின் உலோகத்தையே கதிரியக்கமாக்கிவிடும். அதைத் தாங்கி, சீக்கிரம் தணியக்கூடிய ஒரு தனி எஃகை நம் நாட்டிலேயே உருவாக்கியதில் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்கு முக்கியப் பங்குண்டு. எங்கள் ஊரிலிருந்து வந்தவாசி, செங்கல்பட்டு வழியாகச் சில மணி நேரப் பயணம். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்கள் மாமல்லபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள்.

தீபத்திடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்று உண்டு என்றேன். பே கோபுரத் தெருவில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலை தலைக்கு மேல் நிற்கும். கார்த்திகைத் திருவிழாவின் பத்தாம் நாள் மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் வெளியே வரும் அந்த நிமிஷத்தில் 2,668 அடி உயரத்தில் தீ தெரியும். 3,500 கிலோவுக்கு மேல் நெய், ஆயிரம் மீட்டருக்கு மேல் திரித்துணி. அதை ஏற்றும் உரிமை பர்வத ராஜகுலத்தினருக்கு. சுற்று வட்டாரத்தில் லட்சம் பேர் அரோகரா என்று கை கூப்புவார்கள். நான் பார்ப்பது அதற்கு அடுத்த பத்து நாட்களை. கூட்டம் போய்விடும். தீபம் பதினொரு நாள் காட்சி தர வேண்டும். மலைமேல் இருப்பவர்கள் காற்றிலும் பனியிலும் நெய் வார்த்துக்கொண்டே இருப்பார்கள். என் சிறுவயதில் எங்கள் தெருவில் நெய்க்குடம் தூக்கி மலையேறுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். "ஏத்துறது ஒரு நிமிசம்டா, காக்குறதுதான் வேல" என்பார்.

தீபம் முடிந்ததும் கொப்பரையைக் கீழே இறக்கி, அதில் படிந்த கரியை எடுத்து, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திவிட்டுப் பக்தர்களுக்கு மை தருகிறார்கள். இணைவுத் தீக்கும் கரி உண்டு, அது ஹீலியம். அதை வெளியேற்றாவிட்டால் தீ அணைந்துவிடும். அத்தகைய கழிவைத் திருப்பி வெளியேற்றும் அமைப்பைச் சேர்த்துத்தான் ஆதித்யா புதுப்பிக்கப்பட்டது. 2016 டிசம்பரில் ஆதித்யா-யூ என்ற பெயரில் மறுபடி ஒளிர்ந்தது. காவ் அதைப் பார்த்துவிட்டு 2017-இல் காலமானார்.

அந்த ஹீலியம் வெறும் கழிவு மட்டுமில்லை. ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது வெளிப்படும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை ஹீலியம் எடுத்துக்கொண்டு பிளாஸ்மாவுக்குள்ளேயே தங்கிச் சூடேற்றுகிறது. ஐடெரில் வெளியிலிருந்து 50 மெகாவாட் சூடு கொடுத்து 500 மெகாவாட் இணைவு ஆற்றல் எடுக்க வேண்டும் என்பது இலக்கு. அந்த ஐந்நூறில் நூறு மெகாவாட் ஹீலியத்தின் பங்கு. அதாவது, நாம் வார்க்கும் நெய்யைப்போல் இரண்டு மடங்கைத் தீயே தனக்கு வார்த்துக்கொள்ளும். மனிதன் மூட்டிய டோகமாக்குகளில் அந்த நிலையை இதுவரை எதுவும் தொடவில்லை. இங்கிலாந்தின் ஜெட் 1997-இல் 24 மெகாவாட் கொடுத்து 16 மெகாவாட் எடுத்தது. 2023-இல் தன் கடைசிக் காலத்தில் ஒரே ஷாட்டில் 69 மெகாஜூல் எடுத்துவிட்டு ஓய்ந்தது.

2024-இல் வெளியான திருத்திய அட்டவணைப்படி ஐடெரில் டியூட்டீரியம்-டிரிட்டியம் ஓட்டம் 2039-இல். இன்று எங்கள் மாவட்டத்துப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும்.

பெற்றோர்களுக்கும் உடன் பணியாற்றிய ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. பிளஸ் டூவில் இயற்பியல் பிடித்த பிள்ளையை நீட், கணினி என்று மட்டும் விரட்டாதீர்கள். காந்திநகரில் அப்படியொரு நிறுவனம் இருக்கிறது, அங்கே முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகையோடு ஆட்களை எடுக்கிறார்கள் என்பதை அவர்கள் காதில் போட்டுவையுங்கள். செங்கம் பையன் இந்தக் கார்த்திகைக்கு ஊருக்கு வருகிறான். வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் பேசு என்று சொல்லியிருக்கிறேன். அறுபது வாட் பல்பும் மல்டிமீட்டரும் நான் கொண்டுபோகிறேன்.